நூற்றுக்கு ஒன்று

கெலமங்கலம்,
27.11.2002

ஜெகதீஷுக்கு,

கோயம்பேட்டில் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கிருஷ்ணப்பன் சார் டிரைவரிடம் கெஞ்சி, பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்திவைத்தார். அதற்குமேல் கண்டக்டர் விடவில்லை. உங்கள் டூல் பாக்ஸை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேட்டர்ன் ஷாப்பில் உங்கள் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் திறக்கவில்லை.

நாகரசம்பட்டியில் அக்கா வீட்டில்தான் இருப்பீர்கள் என்று நம் பேட்ச் சுபாஷ் சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான். சூப்பர்வைசர் என்ற முறையில் கிருஷ்ணப்பன் சார் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. "பத்து நாளுக்கு மேல என்னால மறைக்க முடியாதும்மா. எங்க போய்க்கிறான் அவன்? நீ ஒரு லெட்டர் போடு. நான் போட்டா கிழிச்சுப் போட்டுடுவான்" என்றார். அதனால் எழுதுகிறேன். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேனோ என்னவோ.

போட்டிக்கு முதல் ஆளாகப் போன பையன் எப்படித் தோற்றான் என்று வீட்டில் அப்பா கேட்டார். ஃபவுண்டரியில் மரவேலை எதற்கு என்பதே அவருக்குப் புரிந்ததில்லை. இரும்பை ஊற்ற மணலில் பள்ளம் வேண்டும், அந்தப் பள்ளம் விழ மரத்தில் மாதிரி செய்பவர்கள் நாங்கள் என்றேன். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதனால் மாதிரியை அந்த ஒன்றைக் கூட்டிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க எங்கள் ஸ்கேலையே அப்படி அடித்திருப்பார்கள். முன்னூறு மில்லி என்று போட்டிருக்கும், உண்மையில் முன்னூற்று மூன்று இருக்கும். அடையாளத்துக்கு முனையில் சிவப்பு பெயின்ட் இருக்கும் என்றேன். மாநிலப் போட்டியில் பேட்டர்ன் மேக்கருக்கு என்று தனிப் பிரிவு இல்லை, தச்சர் பிரிவில் போனோம், அங்கே செய்ய வேண்டியது இரும்புக்கான மாதிரி இல்லை, வெறும் ஜன்னல் சட்டம். அதை ஜெகதீஷ் சிவப்பு முனை ஸ்கேலால் அளந்துவிட்டார் என்றேன்.

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவன் தப்பா அளக்கலையேம்மா. சரியாத்தான அளந்துக்கிறான்" என்றார்.

மதிப்பெண் தாள் சாரிடம் வந்துவிட்டது. மூட்டுகளுக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்பது. வழவழப்புக்கு இருபதுக்குப் பத்தொன்பது. அளவுக்கு நாற்பதுக்கு நான்கு. சின்ன அளவுகள் மட்டும் தப்பித்திருக்கின்றன. அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் அறுநூற்று ஆறு. மூட்டுகளுக்கு அவ்வளவு மதிப்பெண் வேறு யாருக்கும் இல்லை.

ஷாப்பில் காலியாக இருப்பது ஒரே ஒரு பெர்மனெண்ட் இடம், மாநிலப் பரிசு வாங்குபவருக்குத்தான் அது என்று ஆகஸ்டில் பெர்சனல் மேனேஜர் சொன்னபோது, எட்டு அப்ரண்டிஸும் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தோம். அது போய்விட்டது. ஆனால் ஜனவரி கடைசி வரை நம் அப்ரண்டிஸ்ஷிப் இருக்கிறது, டிரேட் டெஸ்ட் இருக்கிறது. சர்டிபிகேட்டையும் விட்டுவிட வேண்டாம். வந்துவிடுங்கள்.

கவிப்ரியா

---

நாகரசம்பட்டி,
1.12.2002

லைப்ரரிக்கு,

கடிதம் கிடைத்தது. ருக்மணி அக்கா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். "யாருடா இந்தப் பொண்ணு, வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதிருக்கு" என்றாள்.

உன் அப்பா சொன்னதை நாலு தடவை படித்தேன். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் ஒரே ஸ்கேல். நம் ஷாப்பில் ஸ்கேல் என்றால் அதுதான். பெட்டி கட்டும்போது கை தானாக எடுத்து வைத்தது. அங்கே கை தானாக எடுத்து அளந்தது. ஜட்ஜ் டேப்பை இழுத்துப் பிடித்து அறுநூற்று ஆறு என்று சத்தமாகப் படித்தபோது, அவர் டேப் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது குறுக்குத் துண்டிலும் அறுநூற்று ஆறு என்றதும் என் ஸ்கேலின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்தது எதுவும் சரியாக ஞாபகமில்லை. பஸ்ஸில் எல்லாரும் என்னிடம் பேசாமல் இருக்கப் பாடுபட்டீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் உள்ளே வர வேண்டிய மாற்று ஆள் நீ. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல் நாற்காலி உனக்கு. என் பெஞ்சுக்கும் உனக்கும் பத்தடி கூட இருக்காது. சிவப்பு பெயின்ட் பத்தடியில் தெரியாதா? ஷாப்பில் அடுத்த வரிசையில் யார் எந்த உளி எடுத்தான் என்று சொல்கிறவள் நீ.

பார்த்தாயா இல்லையா? ஒரு வரி எழுது போதும்.

ஜெகதீஷ்

---

கெலமங்கலம்,
5.12.2002

ஜெகதீஷுக்கு,

பார்த்தேன்.

ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் பார்த்தேன். முதல் துண்டை இழைத்து முடித்துவிட்டு ஸ்கேலை வைத்தீர்கள். வெளிச்சத்தில் முனை தெரிந்தது. நான் எழுந்தேன். அதற்குக் கால்மணி நேரம் முன்புதான் மைக்கில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள், போட்டியாளரோடு யார் பேசினாலும், சைகை காட்டினாலும் அந்தப் போட்டியாளர் வெளியேற்றப்படுவார் என்று. திருச்சிப் பையன் ஒருவனை அவனுடைய அண்ணன் கூப்பிட்டதற்காக எச்சரித்தது உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கிருஷ்ணப்பன் சாரைத் தேடினேன். அவர் வெளியே மற்ற கம்பெனிக்காரர்களோடு நின்றிருந்தார். போய்ச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "நாம வாயத் தொறந்தா அவன வெளிய அனுப்பிடுவாங்க. அவனுக்கே தெரியும், பாத்துக்குவான்" என்றார். அவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீங்கள் ஒவ்வொரு கோடாகப் போட்டீர்கள். அவ்வளவு அழகாக நீங்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

பதினொரு மணிக்கு டீ இடைவேளை. நீங்கள் கயிற்றருகே வந்து, "பாத்தியா லைப்ரரி, மெட்ராஸ்காரன் மரத்துலயும் கை வச்சுட்டான். அம்பதுன்னு சொல்லிட்டு அரை மில்லி கம்மியா குடுத்துருக்கான்" என்றீர்கள். மரம் சரியாகத்தான் இருந்தது. உங்கள் ஸ்கேல்தான் அதைக் குறைத்துக் காட்டியது.

நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று பதினான்கு நாளாக யோசிக்கிறேன். அதற்குள் எல்லாத் துண்டையும் வெட்டிவிட்டீர்கள், சொல்லி என்ன ஆகும், மீதி நேரமாவது நிம்மதியாகச் செய்யட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நம்ப விரும்புகிறேன்.

முடிவு வந்தபின் அந்த ஜட்ஜிடம் போய்ப் பேசினேன். இது அளவுத் தவறு இல்லை, ஸ்கேல் வேறு, எல்லாமே ஒரே விகிதத்தில்தான் கூடியிருக்கிறது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பாப்பா, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நான் டேப்பத்தான் நம்பணும். வீடு கட்றவன் வுட்ட ஓட்டைல இந்த ஜன்னல் போவுமா, நீயே சொல்லு" என்றார்.

உங்கள் பெயரை வருட முடிவு வரை மருத்துவ விடுப்பில் போட்டிருக்கிறார் சார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கவிப்ரியா

---

நாகரசம்பட்டி,
11.12.2002

கவிப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

எல்லாம் வெட்டியாகிவிட்டது, சொல்லி என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் மரத்தோடு இருந்தவர் எழுதுகிற வரியா இது? பெரிதாகிப்போனதைச் சிறிதாக்கலாம். சிறிதாகிப்போனால்தான் ஒன்றும் செய்ய முடியாது. டீ நேரத்தில் ஒரு துண்டைக்கூட நான் ஒட்டியிருக்கவில்லை. குறுக்குத் துண்டுகளை ஒரு மணி நேரத்தில் குறைத்திருப்பேன். துளை போட்ட இரண்டு நெடுந்துண்டுகளுக்கு மாற்று மரம் கேட்டிருப்பேன். துண்டுக்கு ஐந்து மதிப்பெண் பிடிப்பார்கள். விதித்தாளில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பத்து போயிருந்தால்கூட மூன்றாம் பரிசு நிச்சயம்.

பக்கத்தில் நின்ற ஆபீசர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பேசியது அவருக்குக் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் "சிவப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது என்ன என்று அந்த மண்டபத்தில் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு சுபாஷ் வந்திருந்தான். பெர்மனெண்ட் இடத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். போட்டிக்கு ஆள் எடுத்த ஷாப் டிரயலில் இரண்டாவது வந்தது நீங்கள்தான் என்பதால். நான் முதலாவது வந்தது இரண்டு மதிப்பெண்ணில்தான். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை.

வாழ்த்துகள்.

நான் இங்கே மூர்த்தி மாமாவோடு தக்காளிப் பெட்டி அடிக்கிறேன். இந்த வேலைக்கு ஸ்கேல் தேவையில்லை. ஒரு குச்சியை வைத்து அளக்கிறோம்.

ஜெகதீஷ்

---

கெலமங்கலம்,
17.12.2002

ஜெகதீஷ்,

"நீங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருடத்தில் முதல் தடவை. முதலில் வேறு யாருக்கோ எழுதியது மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெர்சனல் செக்‌ஷனில் என்னைக் கூப்பிட்டது டிசம்பர் ஆறாம் தேதி. உங்களுக்கு நான் எழுதியதற்கு மறுநாள். இதைச் சொல்வதால் எதுவும் மாறாது என்று தெரியும். ஆனாலும் தேதியை எழுதிவைக்கிறேன்.

விதித்தாளின் இரண்டாம் பக்கம் மாற்று ஆளுக்குக் கொடுக்கப்படவில்லை. மாற்று மரம் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரிதைச் சிறிதாக்கலாம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை என்று எழுதினால் நம்புவீர்களா? நானே பாதிதான் நம்புகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்று என் பையில் சாதா ஸ்கேல் இருந்தது. நாற்காலிக்கு அடியில், என் காலுக்குப் பக்கத்தில்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நூலகத்தில் தச்சர் பாடப் புத்தகம் எடுத்தேன். அதில் ஜன்னல் சட்டத்துக்கு ஒரு பயிற்சி இருந்தது. படித்துக்கொண்டே வரும்போது, இதற்கு நம் ஸ்கேல் உதவாதே என்று பட்டது. நம் ஷாப்பில் சாதா ஸ்கேல் இல்லை. இன்ஸ்பெக்‌ஷனில் சென்னம்மாள் அக்காவிடம் கேட்டு வாங்கினேன். "ஜோபானமா வச்சுக்கோ கண்ணு, திருப்பிக் குடுக்கணும்" என்று கொடுத்தார். ஒருவேளை நான் உள்ளே போக வேண்டி வந்தால் என்றுதான் பையில் வைத்தேன். அப்படி ஆகாது என்றும் தெரியும்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? முதலாவது வந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா, நான் போய்ச் சொன்னால் பாடம் நடத்துவது போல ஆகாதா என்று இருந்தது. ஆனாலும் போகும்போது பஸ்ஸில் வாணியம்பாடி தாண்டியதும் ஆரம்பித்தேன். "ஜெகதீஷ், அந்தப் புத்தகத்துல அளவு பத்தி ஒண்ணு போட்ருந்துச்சு" என்றேன். நீங்கள் திரும்பிப் பின்சீட்டுக்கு, "லைப்ரரி தொறந்தாச்சுடா, எல்லாரும் தூங்குங்க" என்றீர்கள். கிருஷ்ணப்பன் சார்கூடச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். கோபமாக இருந்தேன். அவ்வளவு சின்னக் கோபம். ராத்திரிக்குள் மறந்துவிடக்கூடிய கோபம். மறந்தும் போனேன், ஸ்கேலையும் சேர்த்து. மறுநாள் ஒன்பது நாற்பதுக்குத்தான் ஞாபகம் வந்தது.

இடத்தைப் பற்றி. நான் கையெழுத்துப் போடவில்லை. பொங்கல் வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா ரோஜாத் தோட்டத்து வேலையை இந்த மாதத்தோடு விடப்போவதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். மருந்து அடித்து அடித்து அவருக்குக் கண் எரிச்சல் நிற்பதே இல்லை. நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னபோது இருவரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

கிருஷ்ணப்பன் சாரிடம் கேட்டேன், நான் வேண்டாம் என்றால் ஜெகதீஷுக்குக் கொடுப்பார்களா என்று. "அதெப்படிம்மா. நீ வேணாம்னா அது காலியாத்தான் கெடக்கும்" என்றார்.

நீங்கள் போடாதே என்று எழுதினால் போட மாட்டேன். இதைச் சும்மா எழுதவில்லை. ஒரு கார்டு போதும்.

கவிப்ரியா

---

நாகரசம்பட்டி,
30.12.2002

கவி,

உன் கடிதத்தைப் பத்து நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். இதற்குமேல் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். நேற்று அக்காவே பிரித்துப் படித்துவிட்டு என் முன்னால் போட்டாள். "படி. படிச்சுட்டுப் பெட்டி அடி" என்றாள்.

பஸ்ஸில் நான் அப்படிச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. எல்லாரும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. நீ ஏதோ அளவு என்று ஆரம்பித்தது மட்டும் என் காதில் விழவில்லை, அதாவது விழுந்தது, உள்ளே போகவில்லை. நீ எப்போதும் ஏதாவது படித்துவிட்டு வந்து சொல்வாய். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. யார்மேல் என்பது மட்டும் குழம்பிவிட்டது.

கையெழுத்துப் போடாதே.

உனக்கு வரக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இருந்தால்தான் நாம் எதையாவது கேட்க முடியும். நீ போட்டுவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் மறுபடி ஒரு டிரயல் வைக்கச் சொல்லி கிருஷ்ணப்பன் சார் மூலம் மேனேஜரிடம் கேட்கலாம். ஷாப் வேலை, நம் வேலை, சிவப்பு முனை ஸ்கேல். அதில் நீ ஜெயித்தால் பேனாவை நானே எடுத்துக் கொடுக்கிறேன், உன் அம்மா கொடுக்கும் இனிப்பையும் தின்கிறேன். இரண்டு மதிப்பெண் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

நாளைக்கு மாமாவோடு ராயக்கோட்டைக்குப் பெட்டி லோடு போகிறேன். புதன்கிழமை புது வருடம், கம்பெனி லீவு. என் விடுப்பும் நாளையோடு முடிகிறது. வியாழக்கிழமை முதல் ஷிஃப்டுக்கு அப்ரண்டிஸ் கேட்டில் நிற்பேன். டீக்கடைப் பக்கமாக வா. முதலில் நீயும் நானும் பேசிக்கொண்டு பிறகு சாரிடம் போவோம்.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது.

ஜெகதீஷ்

---

கெலமங்கலம்,
31.12.2002, மாலை

ஜெகதீஷ்,

இன்று மதியம் இரண்டு மணிக்கு பெர்சனல் செக்‌ஷனில் கூப்பிட்டார்கள். பொங்கல் வரை என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். இல்லையாம். காலி இடங்களை எல்லாம் வருடத்தோடு முடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். நாலு மணிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டர்ன் ஷாப்பில் அந்த இடமே இருக்காது, இனி எந்த அப்ரண்டிஸுக்கும் இருக்காது என்றார்கள்.

பதினான்கு நாளாக அம்மாவைத் தபாலுக்காகக் காக்க வைத்திருந்தேன். பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும்போது நான் ஷிஃப்டில் இருப்பேன். சாயங்காலம் வந்ததும் அம்மா நான் கேட்பதற்கு முன்பே கையை விரித்துக் காட்டுவார். இன்று காலை கிளம்பும்போது, "வராதும்மா. வர்றதா இருந்தா இந்நேரம் வந்துக்கும்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

மூன்று மணிக்கு ஓடிப்போய்க் கிருஷ்ணப்பன் சாரிடம் நின்றேன். ஒரு நாள் மட்டும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள் என்றேன். "யாருக்காகம்மா நிக்கிறே?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னோடு பெர்சனல் செக்‌ஷன் வரை வந்தார். அவர் கேட்டார், அவர்கள் சிரித்தார்கள். ரொம்ப மரியாதையான சிரிப்பு. வெளியே வந்து, "நான் கேட்டாச்சு" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குப் போட்டேன்.

சந்தோஷமாக இல்லை என்று எழுதினால் அது பாசாங்காக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இது நாளை மறுநாள்தான் தபால் பெட்டியிலிருந்து எடுக்கப்படும். உங்களிடம் வர வெள்ளியோ சனியோ ஆகிவிடும். வியாழனிலிருந்து எனக்குப் புது அடையாள அட்டை. கேட்டும் மாறிவிடுகிறது. பெர்மனெண்ட் ஆட்களுக்கு ரோட்டுப் பக்கத்து கேட். அப்ரண்டிஸ் கேட் பக்கம் இனி போக வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாமல் இருந்ததை, போடு என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். தவறாக இருந்தால் எழுதுங்கள். இனித் திருத்த முடியாது. தெரிந்துகொள்கிறேன்.

கவிப்ரியா